உயிலைப் பிரிக்கும் முன் பத்திரங்களைப் பிரியுங்கள்

கேள்வி அனுப்பிய பெண்மணி தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டைப் பக்கத்துக்காரர். அப்பா போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் ஒரு பதிவு செய்த உயிலை எடுத்து நீட்டியிருக்கிறார். 15 மா (மா என்பது நம் டெல்டாவின் நில அளவு) நஞ்சை, ஒரு ஓட்டு வீடு, மொத்தமும் அண்ணனுக்கு. "பெண் மக்கள் இருவருக்கும் உரிய காலத்தில் சீர்வரிசை செய்து கட்டிக்கொடுத்துவிட்டபடியால்" அவர்களுக்குப் பாத்தியம் இல்லையாம். அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உயிலின் வருடம் 2021. அதற்கு முந்தைய வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அக்காவுக்குக் கல்யாணம் 1986-ல், இவருக்கு 1993-ல். "ரெஜிஸ்டர் ஆன உயில், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?" என்பது கேள்வி.

உண்மை இல்லை. ஆனால் "அந்த உயில் செல்லவே செல்லாது" என்று உங்களுக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் பேச்சும் உண்மை இல்லை. கும்பகோணத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உயில் கட்டுகளோடு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் உயிலைத்தான் பிரித்துக் காட்டுவார்கள். எங்கள் வக்கீல் அதைத் தொடவே மாட்டார். "அது இருக்கட்டும், மூலப் பத்திரம் எங்கே?" என்பார். அப்பா எழுதியது செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி. எழுதிய நிலம் அப்பாவுடையதுதானா என்பது முதல் கேள்வி. இந்த வரிசையை மாற்றிப் போட்டுத்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

நீங்கள் கொடுத்த விவரப்படி 15 மாவும் ஒரே நிலம் இல்லை, மூன்று வழியில் வந்தவை. 8 மா, 1972-ல் உங்கள் தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவரும் அவர் மகன்களும் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. பத்திரத்திலேயே 'பிதுரார்ஜிதம்', அதாவது முன்னோர் வழி வந்த சொத்து, என்று இருக்கிறது என்கிறீர்கள். 4 மா, 1988-ல் அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. மீதி 3 மா நீடாமங்கலம் தாலுகாவில் இருக்கிறது. அது அம்மாவுக்கு அவர் அப்பா கல்யாணத்தின்போது எழுதிக்கொடுத்தது.

கடைசியில் இருந்து வருவோம். அம்மாவின் 3 மாவை அப்பா உயிலில் எழுத அவருக்கு எந்த உரிமையும் இல்லை. ஐம்பது வருடம் அப்பாதான் உழுதார், வரி கட்டினார், சொசைட்டியில் கடன் வாங்கினார் என்பதெல்லாம் அதை அவர் சொத்தாக்காது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 14-வது பிரிவின்படி அது அம்மாவின் முழு உடைமை. அந்த மூன்று மாவை இப்போதைக்குக் கணக்கிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். பின்னால் வேறொரு காரியத்துக்கு அது உதவும், சொல்கிறேன்.

கிரயம் வாங்கிய 4 மா அப்பாவின் சுயார்ஜிதம். இதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மகனுக்கும் எழுதலாம், மடத்துக்கும் எழுதலாம். உயில் செல்லும் என்றால் இதில் உங்களுக்கு ஒரு குழிகூட இல்லை.

வழக்கின் உயிரே அந்த 8 மாவில்தான் இருக்கிறது. அது கூட்டுக் குடும்பச் சொத்து. அதில் அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலால் கொடுக்க முடியும். 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 1989-ல் ஒரு திருத்தம் வந்தது. 25-3-1989-க்கு முன் கல்யாணமான பெண்களை மட்டும் அது விட்டுவிட்டது. அதை வைத்துத்தான் "உன் அக்காவுக்கு 86-லேயே கல்யாணம் ஆயிடுச்சு, அவளுக்குப் பங்கு கிடையாது" என்று இன்னமும் டீக்கடைகளில் தீர்ப்பு எழுதுகிறார்கள். 2005 மத்தியச் சட்டத்தில் அந்தக் கல்யாணத் தேதிக் கணக்கு இல்லை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால்தான் அதைக் கிளற முடியாது. 1972-க்குப் பிறகு உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

சரி, கணக்குப் போடுவோம். ஒரு மா 100 குழி, ஒரு குழி 12-க்கு 12 அடி. 8 மா என்றால் 800 குழி. பங்குதாரர் நான்கு பேர்: அப்பா, அண்ணன், அக்கா, நீங்கள். ஆளுக்கு 200 குழி. அம்மாவுக்கு இந்த இடத்தில் தனிப் பங்கு கிடையாது, நம் பக்கத்து வழக்கம் அப்படி. அப்பாவின் 200 குழிக்குத்தான் உயில். உயில் நின்றால் அது அண்ணனுக்குப் போகும். உயில் விழுந்தால் அந்த 200 அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் என்று ஆளுக்கு 50 குழியாகும். சுயார்ஜிதம் 400 குழியும் அதே போல ஆளுக்கு 100.

ஆக, உயில் நூற்றுக்கு நூறு செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு 200 குழி, அக்காவுக்கு 200 குழி இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 4 மா. உயில் விழுந்தால் ஆளுக்கு 350 குழி, அம்மாவுக்கு 150 குழி. உயில் நின்றால் அண்ணனுக்கு 800, விழுந்தால் 350. நீங்கள் உயிலை எதிர்த்துச் சண்டை போடுவது ஆளுக்கு ஒன்றரை மாவுக்காக. அந்தச் சண்டைக்குப் போகாமலே ஆளுக்கு இரண்டு மா உங்களுடையது. இந்த எண்கள் கையில் இருந்தால் அண்ணனிடம் பேசும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'தாத்தா சொத்து பேரனுக்கு' என்று நம் ஊரில் ஒரு சட்டம் உலவுகிறது. அதை நம்பி யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தை வைத்துவிட்டு 1956-க்குப் பிறகு இறந்து, அது வாரிசாக அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து, அவர் இஷ்டப்படி எழுதலாம். 1986-ல் சந்தர் சென் வழக்கிலிருந்து நிலை இதுதான். உங்களுக்கு வந்தது பாகப்பிரிவினை வழியாக, அதுவும் பிதுரார்ஜிதம் என்று எழுதிய பத்திரம். அதனால்தான் கதை மாறுகிறது. 1972 பத்திரத்தின் நகல் கிடைக்காமல் ஒரு வார்த்தைகூட யாரிடமும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'அடிமனை கோயிலுக்குச் சொந்தம், வருடா வருடம் வாடகை கட்டுகிறோம்.' தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஊர்களில் பாதித் தெருக்கள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோதான் நிற்கின்றன. அப்பாவால் மேல்கட்டுமானத்தை மட்டும்தான் எழுத முடியும், மனையை எழுத முடியாது. உயிலில் 'மனையும் வீடும் சகல பாத்தியமும்' என்று இருந்தால் அது எழுதியவரின் பழக்கதோஷம். வாடகை ரசீது யார் பெயரில் போடுகிறார்கள் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2005-க்கு முன்பு குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கக் கேட்கும் உரிமை பெண் வாரிசுக்கு இல்லை. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது உயிலுக்கு வருவோம்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதினாலும் உயில் உயில்தான். சட்டம் கேட்பது மூன்று: எழுதியவர் புத்தி சுவாதீனத்தில் இருந்தாரா, அவர் கையெழுத்தோ ரேகையோ இருக்கிறதா, இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அல்லது அவரே 'இது என் கையெழுத்து' என்று சொல்லக் கேட்டு, அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்களா. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 59, 63-வது பிரிவுகள். நம் டெல்டாவில் 1927 ஜனவரி 1-க்கு முன்பு இந்துக்களுக்கு இந்த நிபந்தனைகூட இல்லை. சாகக் கிடப்பவர் நாலு பேர் முன்னால் வாயால் சொன்னாலே உயில். பழைய கட்டுகளில் 'வாய்மொழி உயில்' என்று வாதாடிய வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு இந்து ஒருவரின் 'அப்பா கடைசியாக இப்படிச் சொன்னார்' என்ற பேச்சுக்குக் கோர்ட்டில் மதிப்பு இல்லை.

பதிவு செய்தால் என்ன லாபம்? அன்று அவர் சார்பதிவாளர் முன் வந்தார், தொலைந்தாலும் நகல் கிடைக்கும். அவ்வளவுதான். பதிவான உயிலுக்குப் பிறகு எழுதிய பதிவாகாத உயில் ஒன்று இருந்து, அது நிரூபணமானால் பின்னால் எழுதியதுதான் நிற்கும். தஞ்சாவூர் மாவட்ட நிலத்துக்குப் புரொபேட், அதாவது உயில் உண்மை என்று கோர்ட் தரும் சான்று, வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தப் பேச்சு சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் சொத்துகளைச் சுற்றி வந்தது.

அப்படியானால் உயிலை நிரூபிப்பது எது? சாட்சி. இரண்டு சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, கையெழுத்தானதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்த புதிய சட்டத்தில் 67. முத்திரை, கோபுரச் சின்னம், சார்பதிவாளர் கையெழுத்து எல்லாம் இருந்தும் சாட்சி ஒழுங்காகச் சொல்லாவிட்டால் உயில் படுத்துவிடும். பத்திரம் எழுதியவர் கடைசியில் போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து ஆகாது. பதிவில் ஆளை அடையாளம் காட்டுகிறவர் போடுவதும் ஆகாது. சாட்சி சொல்லும் எண்ணத்தோடு போட்டதாக அவர் தெளிவாகச் சொன்னால்தான் கணக்கு.

ஒரு குறுக்கு விசாரணை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆட்களையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. சாட்சி நல்ல வாட்டசாட்டமான மனிதர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. முதல் விசாரணையில் அப்பழுக்கில்லாமல் சொல்லிவிட்டார். பெரியவர் நல்ல நினைவோடு இருந்தார், படித்துக் காட்டினோம், கையெழுத்துப் போட்டார், அப்புறம் நாங்கள் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சட்டம் எதுவும் கேட்கவில்லை. "எங்கே உட்கார்ந்து போட்டார்?" "திண்ணையில்தான்." "நீங்கள்?" "பக்கத்தில், அதே திண்ணையில்." "பேனா யாருடையது?" "என்னுடையது." அப்புறம் வக்கீல் பஞ்சாயத்தின் ஒரு ரசீதை எடுத்தார். தெருவில் சாக்கடை கட்டுவதற்காக அந்த வரிசை வீடுகளின் திண்ணைகளையெல்லாம் இடித்தது உயில் தேதிக்கு இரண்டு வருடம் முன்பு. சாட்சி கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மாட்டினார், மறுபடி எடுத்தார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பின் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த உயில் உண்மையாகவே அந்தப் பெரியவர் எழுதியதாகக்கூட இருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. சாட்சிக்கு மட்டும் அது எங்கே நடந்தது என்று தெரியவில்லை.

உங்கள் அப்பா உயிலில் என்ன இருக்கிறது? 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றும் எல்லாக் கோர்ட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன: உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலைகள் இருந்தால், அவற்றை விளக்கி நீதிபதியின் மனதில் இருக்கும் சந்தேகத்தைப் போக்க வேண்டியது உயிலைக் காட்டுகிறவர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். "அண்ணன் மிரட்டி எழுதி வாங்கினார்" என்று நீங்கள் சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். "இந்த உயிலில் இவ்வளவு சந்தேகம் இருக்கிறது" என்று சொன்னால் விளக்க வேண்டியது அண்ணன். பலர் ஆத்திரத்தில் முதல் வழியில் போய், சுமையைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

அதேபோல "அப்பா ரெஜிஸ்டர் ஆபிசுக்குப் போகவே இல்லை, இது பொய்க் கைநாட்டு" என்றும் ஆரம்பிக்காதீர்கள். 2021 பதிவென்றால் புகைப்படமும் கைரேகையும் எடுத்திருப்பார்கள். அதை மறுத்துவிட்டு, பிறகு அது உண்மை என்று ஆகிவிட்டால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் எடுபடாது. போனார், ரேகை வைத்தார், எதற்கு வைக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் உங்கள் வழக்கு.

பெண்களுக்குக் கொடுக்கவில்லை என்பது மட்டும் சந்தேகம் ஆகாது. வாரிசுகள் எல்லாருக்கும் சமமாகப் போக வேண்டும் என்றால் உயிலே எதற்கு என்று கோர்ட்டே கேட்கும். ஆனால் அம்மா? ஐம்பது வருடம் கூட வாழ்ந்து, பக்கவாதத்தில் விழுந்த மனிதருக்குக் கஞ்சி ஊற்றிய மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத உயிலை விளக்குவது அண்ணனுக்குக் கஷ்டம். ஒரு சாட்சி அண்ணனின் மச்சினன். அதற்காகவே உயில் விழுந்துவிடாது, ஆனால் நீதிபதி அவர் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்பார். இன்னொரு சாட்சி எழுத்தர் கடைப் பையன். அண்ணனே வண்டி வைத்து அழைத்துப் போயிருக்கிறார், பத்திரச் செலவும் அவருடையது.

எல்லாவற்றையும் விட, நான் எடுத்து வைக்கச் சொன்ன அந்த 3 மா. அம்மா பெயரில் பட்டா இருக்கும் நிலத்தைத் தன் நிலம் என்று சொத்து விவரத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரப்பும் தெரிந்த ஒரு மிராசு, எது தன் நிலம் எது பெண்டாட்டி நிலம் என்று தெரியாமல் உயில் எழுதுவாரா? படித்துக் காட்டியிருந்தால் அந்த வரியில் நிறுத்தியிருப்பார். நிறுத்தவில்லை என்றால் படித்துக் காட்டவில்லை, அல்லது படித்தது அவருக்கு ஏறவில்லை. எங்கள் வக்கீல் இருந்திருந்தால் இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அரை நாள் ஓட்டியிருப்பார். பக்கவாதத்துக்குச் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் தேடுங்கள். பேச்சு குழறியது, ஆளை அடையாளம் தெரியவில்லை என்று எங்காவது குறிப்பு இருந்தால் பெரிய விஷயம். வெறும் கை கால் விழுந்தது என்பது மட்டும் போதாது. கை விழுந்தவருக்குப் புத்தி விழுந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். உயிலின் அசலை அண்ணன் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிட்டார் என்கிறீர்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ தவிர யாருக்கும் உயிலின் நகல் தர மாட்டார்கள். இறந்த பிறகு யார் கேட்டாலும் தரலாம், பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு. இறப்புச் சான்றிதழோடு போய் மனுப் போடுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து 'உயிலே இல்லை' என்று சந்தோஷப்படாதீர்கள், உயில்கள் தனிப் புத்தகத்தில் ஏறும், வில்லங்கத்தில் வராது. கூடவே 1972, 1988 பத்திர நகல்கள், மூன்று நிலத்துக்கும் சிட்டா, அம்மாவுக்கு எழுதிய பத்திரம்.

அடுத்து தாசில்தாருக்கு ஆட்சேபணை மனு, பதிவுத் தபாலில். உயிலை வைத்து அண்ணன் பட்டா மாற்ற மனுப் போட்டிருப்பார். தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி நிறுத்துவார்கள். பட்டா மாறிவிட்டாலும் குடிமுழுகிவிடாது, பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் பட்டா பெயரைப் பார்த்துத்தான் அடங்கல் என்ற சாகுபடிச் சான்று கிடைக்கும். அடங்கல் காட்டித்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட முடியும், பணம் அவர் கணக்கில் ஏறும். வாரிசு சான்றிதழுக்கு என்று சொல்லி உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் எல்லாப் பக்கத்தையும் படியுங்கள். வாரிசு சான்றிதழோடு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தையும் சேர்த்து வைத்து வாங்கிய கதைகள் நிறைய. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அது பதிவாகிவிட்டால் மேலே நான் போட்ட கணக்கெல்லாம் வீண். கல்யாணத்தில் 40 பவுன் போட்டார்கள் என்பதனால் பங்கு போகாது, இந்தக் கையெழுத்தால் போகும்.

வழக்கு என்று வந்தால், உயிலை ரத்து செய்யச் சொல்லி ஆரம்பிக்க வேண்டியதில்லை. பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள். அண்ணன் உயிலைக் காட்டிப் பதில் போடுவார், நிரூபிக்கும் வேலை அவர் கைக்குப் போய்விடும். பிராதில் "எங்களை வெளியேற்றிவிட்டார்" என்று ஆவேசமாக எழுதினால் பங்கின் சந்தை மதிப்பில் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டி வரும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்றால் சொற்பக் கட்டணம். எது உண்மையோ அதை எழுதுங்கள், ஆனால் கோபத்தில் எழுதாதீர்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வழக்கு நடக்கும்போது அண்ணன் நிலத்தை விற்றால் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். வழக்குப் போடாமல் இருக்கும்போது விற்றால் தலைவலி கூடும், அதனால்தான் 12 வருடம் கெடு இருக்கிறதே என்று உட்கார வேண்டாம் என்கிறேன்.

அம்மாவின் நிலத்தையும் அண்ணன் பிடித்துவைத்திருந்தால் அம்மாவும் வழக்கில் சேரலாம். அம்மாபேட்டை தஞ்சாவூர் மாவட்டம், நீடாமங்கலம் திருவாரூர் மாவட்டம். இரண்டையும் சேர்த்து ஏதாவது ஒரு பக்கத்துக் கோர்ட்டில் போட்டால் போதும். எந்தப் பக்கம் போடுகிறீர்களோ அதைப் பொறுத்து உயர் நீதிமன்ற அப்பீல் மாறும்: தஞ்சாவூர் மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்கு, திருவாரூர் வழக்கு சென்னைக்கு. வயசான அம்மாவை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் யோசித்துப் போடுவார்கள். கீழ்க்கோர்ட்டில் முதலில் வருவது பங்கு எவ்வளவு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பு. எந்த வரப்பு யாருக்கு என்பது, வக்கீல் கமிஷனர் வந்து அளந்த பிறகு வரும் இறுதித் தீர்ப்பில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை போனதையும் பார்த்திருக்கிறேன்.

மற்ற மதத்தவர் யாராவது இதைப் படித்துக் குழம்பிக்கொள்ள வேண்டாம். நாகூர், கூத்தாநல்லூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில், கடனும் இறுதிச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குதான் உயிலால் போகும், அதுவும் வாரிசுக்கு எழுத மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் உயிலை வாய்மொழியாகவும் சொல்லலாம். கிறிஸ்தவர்களுக்கு, உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்து.

அண்ணன் சமாதானத்துக்கு வந்து, "அம்மாவுக்கு ஆயுள் பரியந்தம் அனுபவம் எழுதித் தர்றேன்" என்று சொல்லக்கூடும். அந்த 'ஆயுள் பரியந்தம்' பழைய உயில்களில் நிறைய வரும் வார்த்தை. ஜீவனாம்சத்துக்குப் பதிலாக ஒரு மனைவிக்கு அப்படிக் கொடுத்திருந்தால் அது முழு உரிமையாகவே மாறிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் தீர்ந்தது. முன்பு எந்த உரிமையும் இல்லாமல் புதிதாக ஆயுள் உரிமை மட்டும் கொடுத்தால் அது ஆயுளோடு நிற்கும். இப்போது எழுதப் போகும் ஒப்பந்தத்தில் எது என்று வக்கீலை வைத்துத் தெளிவாக எழுதுங்கள். உயில் நின்றாலும், அப்பா சொத்தை எடுத்துக்கொண்டவர் அம்மாவைப் பராமரிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் என்பதையும் அண்ணனுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது அதுதான்: 8 மாவில் உங்கள் இருவர் பங்கு 4 மாவையும், அம்மாவின் 3 மாவையும் முதலில் அண்ணன் ஒப்புக்கொள்ளட்டும். மீதிக்குப் பேரம் பேசுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றால் மட்டும் உயிலோடு மல்லுக்கட்டலாம்.

இன்னொன்று. அம்மா தன் 3 மாவுக்கு உயில் எழுத நினைத்தால் இப்போதே எழுதட்டும். அம்மாவை விட இருபது வயதாவது சின்னவர்களாக, உறவில்லாத இரண்டு பேரைச் சாட்சி போடச் சொல்லுங்கள். டாக்டர் சான்று, ஒரு சின்ன வீடியோ. நீங்களோ அண்ணனோ அன்று அந்த அறையில் இருக்க வேண்டாம்.

இப்போது மார்கழி, சம்பா கதிர் பிடித்திருக்கும். தை பிறந்ததும் அறுப்பு மெஷின் வரப்பில் வந்து நிற்கும். அதற்கு முன் தாசில்தார் மனு போய்ச் சேர்ந்திருக்கட்டும். அறுப்பைத் தடுக்காதீர்கள், நெல் கொட்டினால் யாருக்கும் லாபமில்லை. எத்தனை மூட்டை, எந்தக் கொள்முதல் நிலையம், எந்தத் தேதி என்று அம்மாவை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மகசூல் கணக்குக் கேட்கும்போது அந்த நோட்டைத்தான் கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும்.